காதில் துளை போட்ட எலிகள்

தீபலட்சுமி: சிரிக்காதண்ணே... எலிக்கும் காதுலதான் அடையாளம் வைப்போம்.

மாயகிருஷ்ணன்: ஆட்டுக்கு நான் வெட்டுப் போடுத மாதிரியா? இதுக்காகவா பெங்களூருல எட்டு வருசமா ஆராய்ச்சி பண்ணுத...

தீபலட்சுமி: ஆமா. பேசாம இந்தக் கரிசக்காட்டுல ஒங்கூடவே கிடை போட்டு ஆடு மேய்ச்சிருக்கலாம்.

மாயகிருஷ்ணன்: ஒன்ன எவன் கிடையில சேத்துக்கிடுவான்? ஒரு குட்டியப் பிடிக்கத் தெரியுமா ஒனக்கு?

தீபலட்சுமி: எலியே என்னைக் கடிச்சிட்டுத்தான் ஓடுது. அத விடு, விசயத்தக் கேளு. அப்பாவக் கொண்டுபோன அதே கிட்னி நோவு எலிக்கும் வம்சவழியா வரும். ஒரே ஈத்துல ரெண்டு குட்டி. ரெண்டுக்கும் அதே கோளாறுதான். ஒண்ணு மூணு மாசத்துல செத்துருது. இன்னொண்ணு ரெண்டு வருசம் ஓடியாடித் திரியுது!

மாயகிருஷ்ணன்: அதெப்படி?

தீபலட்சுமி: வேற ஏதோ ஜீன் அதத் தாங்கிப் பிடிக்கு. அது எதுன்னுதான் தேடுதோம்.

மாயகிருஷ்ணன்: ஆம்புட்டுச்சா?

தீபலட்சுமி: ஏழு ஜீன் மேல சந்தேகம் இருக்கு.

மாயகிருஷ்ணன்: எட்டு வருசத்துல சந்தேகம் மட்டுந்தானா! போலீசுக்காரனே தேவலாம்.

தீபலட்சுமி: எங்க சாரும் இதத்தான் சொல்லுதாரு...

மாயகிருஷ்ணன்: ஆட்டுல அப்படிச் சீக்கு வந்தா, அந்தக் கிடாவையே நான் கழிச்சு விட்டுருவேன்.

தீபலட்சுமி: நாங்க அதத்தான் கண்ணுங்கருத்துமா வளக்குதோம்.

மாயகிருஷ்ணன்: நீ கிடை போட்டா வெளங்கும்!

தீபலட்சுமி: சரி... நீ எப்ப ஸ்கேன் பாக்கப் போற? அப்பனுக்கு இருந்தா பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வரும்ணே.

மாயகிருஷ்ணன்: அப்ப ஒனக்கு?

தீபலட்சுமி: எனக்கென்ன... நான் எலி பாக்குதவ.

மாயகிருஷ்ணன்: அதனால வராதோ?

தீபலட்சுமி: பேச்ச மாத்தாத. மூணு வருசமாக் கெஞ்சுதேன். எனக்குப் பயமா இருக்குண்ணே. அப்பாவுக்கு மாதிரி எல்லாம் முத்துன பொறவு தெரிஞ்சு...

மாயகிருஷ்ணன்: போன மாசமே பாத்துட்டேன்.

தீபலட்சுமி: என்னது? என்ன... என்ன சொன்னாவ?

மாயகிருஷ்ணன்: ரெண்டு கிட்னியும் சுத்தமா இருக்காம்.

தீபலட்சுமி: அப்பாடா! நான் அந்தக் கெஞ்சு கெஞ்சியும் அசையாத ஆளு... திடீர்னு எப்படிப் போன?

மாயகிருஷ்ணன்: பொங்கலுக்கு வந்தப்ப ஒம் பையில ஒரு ஸ்கேன் படம் இருந்துச்சு. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா அப்பா படத்த ஆறு வருசம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தூக்கிட்டு அலைஞ்சவன் நான்.

தீபலட்சுமி: அது... அது எலியோடதுண்ணே.

மாயகிருஷ்ணன்: எலிக்கு கிட்னி அம்புட்டுப் பெருசாவா இருக்கும்? அழாதட்டி... ஒனக்கு ஒண்ணு குடுக்கணும்னா மொதல்ல எனக்கு ரெண்டும் நல்லா இருக்கணுமாம். அதுக்குத்தான் போனேன்.