பலகைத் தொம்மை

ரொம்ப ரொம்ப முந்தி, எந்த வருசம்னு என்னையக் கேக்காதீங்க, எனக்குச் சொன்னவுகளுக்கே தெரியாது, இதே கருக்காமுனையில தொம்மை தொம்மைன்னு ஒருத்தர் இருந்தாராம். எனக்குப் பூட்டன் முறை. ஆளு எப்படிங்கிறீங்க? வாசல்ல வந்து நின்னா வீட்டுக்குள்ள இருட்டிப் போகுமாம். கட்டில்ல படுத்தா கட்டில் அழுமாம். அவர் பொண்டாட்டி பேரு ஞானப்பூ. அவ ஒல்லின்னா ஒல்லி, அப்படி ஒரு ஒல்லி. ரெண்டு பேரும் சேந்து கோயிலுக்குப் போனா, தொம்மை மட்டும் தனியாப் போறாருன்னு ஊரு நினைக்குமாம்.

தொம்மைக்கு வேலை கரைவலை இழுக்குறது. கடல்ல வளைச்சுப் போட்ட வலைய, கரையில நின்னு கயித்தப் புடிச்சு இழுப்பாகல்ல, அந்த வேலை. கயித்தக் கையில சுத்திக்கிட்டு, குதிகால மணல்ல ஊனி, அப்படியே பின்னால மல்லாந்து சாய்வாராம். சாஞ்சா போதும், வலை தன்னால வரும். நாலு ஆளு இழுக்குறத ஒத்தை ஆளா இழுப்பாரு.

ஆனா வத்தையில மட்டும் அவரை ஒருத்தனும் ஏத்த மாட்டான். வத்தைன்னா பாய் கட்டி ஓட்டுற படகு, நீட்டமா, ஒடுக்கமா இருக்கும். தொம்மை ஒரு கால வச்சா அது ஒரு சாண் அமுங்கும். "நீ ஏறினா கூடவே கடலும் ஏறிரும் தொம்மை"ன்னு சொல்லிச் சிரிப்பானுங்களாம். அவரும் சேந்து சிரிப்பாரு. சிரிச்சுட்டு, வத்தைக எல்லாம் கண்ணுல மறையுற வரைக்கும் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. கடக்கரையில பொறந்தவனுக்கு அது சாதாரண வருத்தமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பாய்க்குக் கீழ உக்காந்து போகணும்னு அவ்வளவு ஆசை.

ஞானப்பூவுக்கு அந்த வருத்தம் இருந்துச்சான்னு கேளுங்க. இல்ல. துளிகூட இல்ல. "ஒம் புருசன எந்தப் படகுக்காரச் சம்மாட்டியும் சேக்கலையாமே"ன்னு எவளாவது உச்சுக் கொட்டினா, இவளும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவாளாம். வீட்டுக்கு வந்து சவேரியாருக்கு மெழுகுதிரி ஏத்துவாளாம். ஏத்திட்டு, புருசன் தட்டுல இன்னொரு அகப்பை சோறு போடுவாளாம். போதும் தாயின்னு அவரு கைய வச்சு மறிப்பாரு. இவ கைய நகத்திட்டுப் போடுவா. இளைச்சாருன்னா கடலுக்குப் போயிருவாருல்ல?

சிரிக்காதீங்க, அவளுக்குக் காரணம் இருந்துச்சு.

சவேரியார் திருவிழாவுக்கு அப்பவும் வத்தைப் பந்தயம் உண்டு. கடலுக்குள்ள ஒரு மணல் திட்டு, அதுல ஒரு கொடி. அதச் சுத்திட்டுக் கரைக்கு வரணும். அப்ப எல்லா வத்தையிலயும் மணல் மூட்டை ஏத்துவாக. பாயில காத்து அடிச்சா வத்தை ஒரு பக்கமாச் சாயும்ல? சாயாம இருக்க, காத்து வார பக்கத்துக்கு மூட்டைய இழுத்துப் போடுவாக. நடுவுல ஒரு பலகை கெடக்கும், அது மேல வச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்குறது. திடீர்னு பெருங்காத்து அடிச்சு வத்தை சாஞ்சா மூட்டை கையில நிக்காது. தாழ்ந்த பக்கமா உருண்டுரும். உருண்டா வத்தை கவுந்துரும். ஞானப்பூவோட கூடப்பொறந்த அண்ணன் அப்படித்தான் போனாக. மூட்டைக்கு அடியில மாட்டிக்கிட்டாக. அதுலருந்து திருவிழா அன்னைக்கு அவ கரைப்பக்கமே வர்றதில்ல. அடுப்படியிலயே கெடப்பா.

அந்த வருசம் என்னாச்சு, விசுவாசம் சம்மாட்டி வத்தையில ஒரு ஆளு குறைஞ்சு போச்சு. காலையில தண்ணியில இறங்கினவன திருக்கை மீனு குத்திருச்சு. கால் வீங்கிக் கெடக்குறான். ஊருல மிச்ச ஆம்பளை எல்லாம் வேற வேற வத்தையில ஏறியாச்சு. கரையில யாரு நிக்கிறா? தொம்மை நிக்கிறாரு.

விசுவாசம் மேலயும் கீழயும் பாத்தாராம். "டேய் தொம்மை, வாரியா?"

தொம்மை தலைய ஆட்டினாரு.

"ஆனா ஒண்ணு. நீ ஆளு இல்ல, மூட்டை. என் மூட்டை எல்லாத்தையும் இறக்கிட்டு ஒன்னைய ஏத்துறேன். நகருன்னா நகரணும். கெடன்னா கெடக்கணும்."

"மூட்டைன்னாலும் சரி சம்மாட்டி. வத்தைக்குள்ளதான?"

சேதி ஞானப்பூவுக்குப் போச்சு. அடுப்பு எரிய எரிய அப்படியே போட்டுட்டு ஓடி வாரா. அவ வந்து சேரங்குள்ள வத்தைக கிளம்பிருச்சு. தூரத்துல அந்த அகல முதுகு மட்டும் தெரியுது. அந்த முதுகு எவ்வளவு தூரத்துலயும் தெரியும்ல.

முதல்ல எல்லாம் சும்மாதான் போச்சாம். வடக்குத்தெரு கஸ்பார் வத்தை முன்னால போகுது. போன வருசமும் அவன்தான் ஜெயிச்சவன். விசுவாசம் பின்னால போறாரு. பாதிக் கடல்ல வாடைக் காத்து புடிச்சுது பாருங்க. படார்னு ஒரே அடி. வத்தை சாயுது. தண்ணி விளிம்பத் தொடுது.

"தொம்மை, நகரு."

நகந்தாரு.

"இன்னும் நகரு."

இன்னும் நகந்தாரு.

"இன்னும் நகருடா."

"இனி எங்கிட்டு நகர சம்மாட்டி, வத்தை முடிஞ்சு போச்சே."

"நகருன்னா நகரணும்னு சொன்னேனா இல்லையா?"

அவரு சொன்னா இவரு கேக்குற ஆளு. அந்த மூட்டைப் பலகை கெடக்குல்ல, அதத் தூக்கினாரு. ஒரு நுனிய குறுக்குச் சட்டத்துக்கு அடியில செருகினாரு. மறு நுனிய வெளிய, கடலுக்கு மேல தள்ளினாரு. பாய்மரத்துலருந்து வார கயித்த ஒரு சுத்து கையில சுத்திக்கிட்டு, பலகை நுனிக்குப் போயி உக்காந்தாரு. குதிகால வத்தை விளிம்புல ஊனினாரு. அப்புறம் கரைவலை இழுக்குற மாதிரியே பின்னால மல்லாந்து சாஞ்சாரு. தலைமுடி அலையில நனையுதாம்.

வத்தை மெல்ல நிமிந்துச்சு. நிமிந்து ஓட ஆரம்பிச்சுச்சு. மூட்டை இல்ல, கனம் இல்ல, பாய் முழுசும் காத்து. சுக்கான் புடிச்சிருந்த விசுவாசம் "உள்ள வாடா கிறுக்கா"ன்னு சொல்ல வாயத் தொறந்தவரு, அப்படியே மூடிக்கிட்டாராம். முன்னால இருந்தவன் சிலுவை போட்டுக்கிட்டான்.

கஸ்பார் வத்தைய எட்டிப் புடிச்சாச்சு. அங்க மூட்டைய இழுத்துக்கிட்டு நாலு பேரு திணறுறான். கஸ்பார் திரும்பிப் பாக்குறான், விசுவாசம் வத்தைக்கு வெளிய ஒரு ஆளு. அதுக்கு முந்தி வத்தைக்கு வெளிய ஆளப் பாத்தவன் எவன் இருக்கான்? விழுந்துட்டான்னு நினைச்சுட்டான். நல்ல மனுசன், பந்தயத்த மறந்துட்டுப் பாயத் தளத்திட்டான், தூக்கிப் போடலாம்னு.

"தொம்மை, கயித்த விட்றாத, இந்தா வந்துட்டோம்."

"விழல மச்சான். உக்காந்திருக்கேன்"னு சொல்லிக்கிட்டே தொம்மை அவனத் தாண்டிப் போனாராம்.

இது கடல்ல நடக்குது. கரையில என்ன நடக்குது?

கொடியச் சுத்தித் திரும்பையில பாய் ஒருக்கா படபடன்னு அடிச்சுச்சு. பலகைய இந்தப் பக்கத்துலருந்து எடுத்து அந்தப் பக்கம் போடணும்ல, அந்த நேரம். கரையில இருந்தவுக கண்ணச் சுருக்கிக்கிட்டு வத்தைக்குள்ள தலைய எண்ணுறாக. ஒரு தலை குறையுது. திருப்பி எண்ணுறாக. குறையுது. எல்லாரும் உள்ளதான் எண்ணுறாக, வெளிய யாரு எண்ணுவா?

ஞானப்பூ எண்ணவே இல்ல. அவ தேடுனது அந்த முதுகு. அது உள்ள இல்ல.

நேரா கடலுக்குள்ள நடந்தா. முட்டளவு, இடுப்பளவு, நெஞ்சளவு. பொம்பளைக ஓடிப்போயி புடிச்சுக்கிட்டாக. அவ அழுகல. ஒரே பேச்சத் திருப்பித் திருப்பிச் சொல்றா. "நான்தான் போட்டேன். போதும் போதும்னாரு, நான்தான் சோத்த அள்ளிப் போட்டேன். அந்தக் கனத்தோட எப்படி மேல வருவாரு?" கேட்டவுகளுக்கு ஒண்ணும் புரியல. நமக்குத்தான் புரியுது.

வத்தை கிட்டத்துல வருது. பக்கத்துலயே என்னமோ கறுப்பா, பெருசா, தண்ணிய ஒட்டிக்கிட்டே வருது.

"ஓங்கல்டா. ஓங்கல் கூடவே வருது"ன்னானாம் ஒருத்தன். ஓங்கல்னா வத்தை கூடவே துள்ளி வருமே, அந்தப் பெரிய மீனு.

கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருத்தன் சொன்னான், "ஓங்கலுக்கு மீசை இருக்குமா?"

அப்பதான் ஞானப்பூ ஏறிட்டுப் பாத்தா. பாத்தவ புடிச்சிருந்தவுக மேலயே சாஞ்சுட்டா. அம்மாடி, அந்த நிம்மதிய நான் எப்படிச் சொல்ல? போன உசுரு திரும்பி வந்து ஒக்காந்தா எப்படி இருக்கும், அப்படி.

தொம்மை சொட்டச் சொட்ட இறங்கி வந்தாரு. "ஞானப்பூ, நாங்கதான் முதல்ல"ன்னு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாரு. அவ ரெண்டு கையாலயும் அவர் நெஞ்சுல குத்துறா. சிரிக்கிறா, அழுகுறா, குத்துறா.

"உசுரோட இருக்கேன்னு ஒரு கையத் தூக்கிக் காட்டினா என்ன? குறைஞ்சா போயிருவீங்க?"

"கைய விட்டா விழுந்துருவேனே தாயி."

"விழுந்தா விழுங்க. காட்டாம மட்டும் வராதீங்க."

அதுக்குள்ள கஸ்பார் வந்துட்டான். வந்ததும் பஞ்சாயத்து. பந்தயத்துக்குத் தீர்ப்புச் சொல்றது கோயில்பிள்ளை, கோயில் காரியம் எல்லாம் பாக்குற பெரியவரு. அவர்கிட்டப் போயி நிக்கிறான். "ஆளுன்னா வத்தைக்கு உள்ள இருக்கணும். காலங்காலமா அதான். வெளிய தொங்குறது என்ன ஓட்டம்? இது செல்லாது."

கோயில்பிள்ளை தாடியத் தடவுறாரு. ஆமா, இது வழக்கத்துல இல்லையேங்கிறாரு. நாலு பேரு ஆமாங்குறான். செல்லாதுன்னே முடிவாகப் போகுது. தொம்மை தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

ஈரச் சேலையோட ஞானப்பூ முன்னால வந்தாளாம். ஆம்பளைக பேசுற எடத்துல அவ பேசினதே இல்ல.

"எங்க அண்ணன் உள்ளதான் இருந்தாக. காலங்காலமா இருந்த மாதிரியே, மூட்டைக்கு அடியில, உள்ளதான் இருந்தாக."

அவ்வளவுதான் சொன்னா.

முதல்ல நகந்தது கஸ்பார்தான். தன் வத்தைக்குப் போனான். சூரிக்கத்திய எடுத்து ஒரு மூட்டையக் கிழிச்சான். மணலக் கரையில கொட்டினான். அடுத்த மூட்டையக் கிழிச்சான். அதப் பாத்து மத்த வத்தைக்காரனும் கிழிச்சான். கோயிலுக்குத் தெக்க ஒரு மேடு இருக்குல்ல, மூட்டை மேடும்பாக. அது அந்த மணலுதான்னு சொல்லுவாக. நிசமோ பொய்யோ, நான் பாக்கல.

அடுத்த வருசம் எல்லா வத்தையிலயும் பலகை. பேரு தொம்மைப் பலகை. கனத்த ஆளுக்கு அப்பதான் ஊருல மவுசு வந்துச்சு. எங்க வீட்டுல சம்மாட்டிமாரு வரிசை கட்டி நின்னாகளாம். ஞானப்பூவும் இப்ப பயப்படாமச் சோறு போட்டா.

அந்தப் பந்தயத்துலயும் தொம்மைதான் முன்னால. கொடியச் சுத்தினதும், கரையத் தேடிப் பாத்து, ஒத்தைக் கையத் தூக்கிக் காட்டினாரு. பிடி விட்டுப் போச்சு. வத்தை ஆடிருச்சு. அந்தச் சந்துல கஸ்பார் புகுந்து முந்திட்டான். விசுவாசம் திட்டின திட்டு கரைக்கே கேட்டுச்சாம். ஞானப்பூ நெஞ்சளவு தண்ணியில போயி நிக்கல, தொம்மைக்கு அது போதும்.

கஸ்பார் முதல்ல வந்து இறங்கினான். மாலையக் கொண்டு வாராக. அவன் பாக்குறான், அவன் பொண்டாட்டி இடுப்பளவு தண்ணியில நிக்கிறா, மூஞ்சியில ரத்தமே இல்ல. அவன் பலகையில போனது அவளோட தம்பி. கஸ்பார் மாலைய வாங்கல. "நாங்க கை காட்டல. இது ஜெயிப்பு இல்ல"ன்னு சொல்லி, தொம்மை கழுத்துல போடச் சொன்னானாம்.

அன்னையிலருந்து இந்தக் கருக்காமுனையில அதான் சட்டம். கொடியச் சுத்தினதும் பலகைக்காரன் கையத் தூக்கணும். தூக்கலன்னா எவ்வளவு முந்தி வந்தாலும் கணக்குல இல்ல. வெளியூருக்காரனும் அப்படித்தான், மாவட்டத்துலயே பேர் வாங்கினவனும் அப்படித்தான். ஒவ்வொரு கையாத் தெரியத் தெரிய அந்தந்த வீட்டுப் பொம்பளை மணல்ல உக்காருவா. கடைசிக் கையும் தெரிஞ்சு எல்லாரும் உக்காந்தப்புறம், முதல்ல வந்தது யாருன்னு நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். வெத்தலையப் பிரிச்சு வாயில போடுவோம்.