‘விடு’ சொல்லாத தாளம்

பாட்டுக்காரர் எங்களுக்குத் தரவேண்டிய பாக்கி ஆயிரத்து எண்ணூறு. எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. முப்பது வருடம் ஓடிவிட்டது, ஐயா. வட்டி கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

நானும் தம்பியும் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் ஜோடி. அவன் அச்சுக்குள் தகட்டை வைப்பான், கையை எடுப்பான், “விடு” என்பான். நான் பெடலை மிதிப்பேன், மேலச்சு இறங்கித் தகட்டை வெட்டும். அந்தச் சொல் வராமல் கால் இறங்கக் கூடாது. பாதுகாப்புக் கம்பி, கையுறை எல்லாம் முதலாளியின் கனவில் வந்துபோனதோடு சரி.

ஒரு விடுமுறை நாளில் பாட்டுக்காரர் டேப் ரெக்கார்டரோடு வந்தார். மெஷின் சத்தத்தை வைத்து ஆட்டப் பாட்டு செய்கிறாராம். சத்தத்துக்குக் காசு தருகிற மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதாவது, தருகிறேன் என்று சொன்ன மனிதரை.

“நடுவுல விடு விடுன்னு கத்தாதீங்கப்பா, டேப் கெட்டுப்போயிடும். என் கையைப் பாத்து மிதிங்க. தாளம் தவறினா காசு கிடையாது” என்றார்.

நன்றாகத்தான் போனது. ஒரு தகடு அச்சில் ஒட்டிக்கொண்டது. தம்பி அதைப் பிடுங்கினான். தாளம் வந்தது. நாலு விரல் போயிற்று. அலறல் டேப்பில் சுத்தமாக விழுந்திருந்ததாம். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அவர் டேப்போடு ஓடினார்.

அந்த அலறலோடு அவர் போட்ட கேசட்டை அப்போது யாரும் சீந்தவில்லை. இப்போது டெக்னோ என்கிற மெஷின் இசைக்கு ஆடுகிற பிள்ளைகளுக்குப் புதுப்பாட்டு புளித்துவிட்டதாம். பழைய மெஷின் பாட்டில்தான் உண்மை இருக்கிறதாம். மூடிக்கிடந்த எங்கள் பட்டறையே ஆட்ட அரங்கமாகிவிட்டது. எண்ணெய்க் கறையைக் கடையிலேயே அச்சடித்த உடுப்பும் கனத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு டிக்கெட் வாங்கி வருகிறார்கள். எந்த வாசலை விட்டு ஓடிவிட நாங்கள் ஏங்கினோமோ, அதே வாசலில் வரிசை. நான் அங்கே தரை துடைக்கிறேன்.

தம்பி மகள் ஒருநாள் போனில் அந்தப் பாட்டைப் போட்டாள். “பெரியப்பா, இப்ப ஒரு அலறல் வரும் பாருங்க. அங்கதான் எல்லாரும் குதிப்போம்.”

தம்பி கடைசிவரை கேட்டான். “நல்லாத்தான் பாடியிருக்கேன், இல்லண்ணே?” என்றான். பிள்ளை ஏதோ கேலி என்று சிரித்தாள். அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

அரங்கத்துச் சுவரொட்டியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எழுத்து எனக்கு ஐம்பது வயதுக்குமேல் வந்தது. ‘குரலும் அலறலும்’ என்று போட்டு, பாட்டுக்காரர் பெயரே இருந்தது. எழுதப் படிக்கத் தெரிவதில் இப்படியும் லாபம் உண்டு.

போன வாரம் அவரே மேடையேற வந்தார். அலங்காரத்துக்கு நின்ற பிரஸ்ஸை ஓட்டிக்காட்ட ஆள் தேடினார்கள். கை தூக்கினேன். துடைத்து, எண்ணெய் விட்டு, புது மாப்பிள்ளை மாதிரி தயார் செய்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

“ஐயா, பழைய பாக்கி ஒண்ணு இருக்கு.”

“காசு விஷயம்லாம் மேனேஜர்கிட்ட பேசுப்பா. தகடு நான் வைக்கிறேன், நீ தாளத்துக்கு மிதி. நடுவுல வாயைத் திறக்காதே.”

பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. ஒரு தகட்டில் மட்டும் கொஞ்சம் பிசின் தடவி வைத்திருந்தேன். அது ஒட்டிக்கொண்டது. அவர் பிடுங்கினார். தாளம் வந்தது.

பிள்ளைகள் சரியான இடத்தில் குதித்தார்கள். இன்னொரு தடவை என்று கேட்டார்கள். கேட்ட கூட்டத்தில் தம்பி மகளும் இருந்தாள்.

நீங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்துவருமுன் தம்பியைப் பார்த்து, “பாக்கி தீர்ந்துதுடா” என்றேன். அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கு என் கை உள்ள இருந்ததைப் பாத்துட்டுதானேண்ணே மிதிச்சே?”

பார்த்தேன். தாளம் தவறினால் காசு கிடையாது என்று சொன்னது அவர்தானே, ஐயா. அந்தக் காசும் எனக்கு இனி வேண்டாம். ஆயிரத்து எண்ணூறையும் தள்ளுபடி செய்துவிட்டதாக எழுதிக்கொள்ளுங்கள். என் பக்கம் பாக்கி எதுவும் இல்லை.