எங்க வீட்டு இழுவை

கைய எறக்காதீங்க சார். கோட்டு முழுக்க ஊசி குத்தி வெச்சிருக்கேன், அசைஞ்சா நான் பொறுப்பில்ல. சேச்சே, இறுக்கமெல்லாம் இல்ல. நீங்கதான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. தையல்காரன் முன்னாடி எல்லாருமே தொந்திய உள்ள இழுத்துப்பாங்க. வீட்டுல போய் விட்டா பட்டன் தெறிச்சு எதிர் வீட்டுல விழும்.

பசங்களா? ஒரே பொண்ணு சார். காலேஜு. எங்க தெருவுல மொத ஆளு. ஆனா கொஞ்ச நாளா போகமாட்டேன்னு உக்காந்திருக்கா.

சேக்குறதுக்கே என்ன பாடுங்கிறீங்க. எங்க ஆளுங்க இந்த ஊருல கொஞ்சம் பேருதான். வாயத் தொறந்தாலே தெரிஞ்சுடும், பேச்சுல ஒரு இழுவை. ஸ்கூல் டீச்சரம்மா மூக்கால பேசுவாங்க. உங்க ஆளுங்களுக்குக் கைவேலை நல்லா வரும்ங்க, தையல் படிக்க வைங்களேன்னாங்க. அதுக்கு எதுக்கும்மா ஸ்கூலு, நான்தான் வீட்டுலயே இருக்கேனேன்னேன். தங்கச்சி புருஷன் ஒருத்தன், கனைக்காம பேசவே மாட்டான். ஹ்க்கும், மச்சான், ரொம்பப் படிச்சா மாப்பிள்ளை கெடைக்காது. ஏண்டா, ஒண்ணுமே படிக்காத உனக்குப் பொண்ணு கெடைக்கலயா, என் தங்கச்சி இன்னிக்கும் அழுவுறாளேன்னேன்.

திரும்புங்க. எடது தோளு ஒரு விரல் எறக்கம். பைய அந்தப் பக்கமே மாட்டுவீங்களோ?

அவளும் என்னை மாதிரிதான் சார். பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டக்கா, காலேஜு வாத்தியாருங்க, யாரையும் விடமாட்டா, அப்படியே அவங்க மாதிரி பேசி, செஞ்சு காட்டுவா. சாப்பிட உக்காந்தா சிரிச்சுச் சிரிச்சே பொரை ஏறும். அப்படிப்பட்டவ வகுப்புல எழுந்து ஒரு பதில் சொல்லியிருக்கா. சரியான பதில்தான். வாத்தியாரு அதை அவ இழுவையிலயே திருப்பிச் சொல்லிக் காட்டியிருக்காரு. வகுப்பே சிரிச்சிருக்கு. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னவ, அன்னியிலேருந்து காலேஜு பக்கமே போகல. இப்ப யாரையும் செஞ்சு காட்டுறதுமில்ல.

நான் ஊரையே கிண்டல் பண்றவன், எனக்குக் கோவமே வரக்கூடாதுதான். ஆனா நான் மச்சானைச் செஞ்சா, மச்சான் திருப்பி என்னைச் செய்வான். வாத்தியார இவ திருப்பிச் செய்ய முடியுமா? மார்க்கு அவரு கையிலதானே இருக்கு.

வாத்தியாரு பேரா? அவ சொல்லல, நானும் கேக்கல. கண்ணாடிய நெத்திக்கு மேல ஏத்திட்டு, பாக்கெட் பாக்கெட்டாத் தேடுவாரும்பா. முன்னெல்லாம் செஞ்சும் காட்டுவா. இப்ப நீங்க கடைக்குள்ள வந்ததும் அதையேதான் செஞ்சீங்க. ஆனா சும்மா சொல்லக்கூடாது சார், என் பொண்ணு செய்ற அளவுக்கு உங்களுக்கு வரல.

அட, ஒக்காராதீங்க, ஊசி. தண்ணி வேணுமா?

அந்தத் திரைக்குப் பின்னாடி உங்க கோட்டுக்குக் கை தைக்கிறது அவதான். மெஷின் சத்தம் நின்னு நேரமாச்சு, கேட்டுக்கிட்டுதான் இருக்கா. நாளைக்கு வகுப்புக்கு வாம்மான்னு நீங்க சொல்றீங்களா, இல்ல உங்க குரல்ல நானே சொல்லிடட்டுமா?