சம்பந்தி வீட்டுக்குப் போன கம்ப்யூட்டர்

—பின்னாடி ஆளுக்கு ஒண்ணு பேசக்கூடாது. அதனால இந்த ஹால்ல யார் யார் இருக்கோம்னு இப்பவே சொல்லிடறேன். இந்தக் குடும்பத்துக்குப் பெரியவன் நான். என் சம்சாரம். என் தம்பி பொண்ணு பாப்பா, கம்ப்யூட்டரைக் கட்ட வந்தவ. வேற யாரும் கிடையாது.

—மேஜைக்கடியில பூனை இருக்குங்க.

—பூனை வெளியில போய்ப் பேசாது. பாப்பா, இப்ப சொன்னதை மறுபடி சொல்லு.

—பெரியப்பா, மதர்போர்டு, ப்ராசசர், ரேம், எல்லாம் வந்தாச்சு. ஒரு குறையும் இல்ல. ஆனா எல்லாத்தையும் சேர்த்துக் கட்டினாலும் அது வெறும் பெட்டிதான். உள்ள விண்டோஸ் ஏத்தணும். அதுக்கு முதல்ல ஒரு பென் டிரைவ் தயார் பண்ணணும்.

—பண்ணு.

—அதைப் பண்ண, ஓடுற கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும்.

—அதைத்தானே கட்டப்போறோம்.

—அதை ஓட வைக்கத்தான் பெரியப்பா பென் டிரைவ்.

—நான் கேட்டது கேள்வி. நீ சொல்றது ராட்டினம்.

—பழைய கம்ப்யூட்டர் எங்க? அதுல இந்த வேலையை முதல்ல முடிச்சுக்கலாம்னு நம்பித்தானே வந்தேன். மாடிப்படிக்குக் கீழ காணோமே.

—நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமாங்க?

—நானே சொல்றேன். சம்பந்திக்குக் கொடுத்தாச்சு.

—கொடுத்தாச்சா? பென் டிரைவ் பண்றதுக்கு முன்னாடியா?

—அவர் வீட்டுல கம்ப்யூட்டர் இல்லன்னு ஒரு விசேஷத்துல நாலு பேர் முன்னாடி சொன்னார். நான் எந்திரிச்சு நின்னேன். ‘எங்க வீட்டுதை எடுத்துக்குங்க, எங்க குடும்பம் தன் கையாலேயே புதுசு கட்டிக்கும்’னேன். எல்லாரும் கை தட்டினாங்க.

—நான் தட்டல.

—நீ தட்டாததை நானும் பாத்தேன். விஷயம் அது இல்ல. நாம கட்டினதைப் பாக்க சம்பந்தி இன்னிக்குச் சாயங்காலம் குடும்பத்தோட வர்றார். கட்ட முடியலன்னு அவர் முன்னாடி நான் நிக்க முடியாது. கௌரவம்னு ஒண்ணு இருக்கு.

—அண்ணன் லேப்டாப் இருக்குமே பெரியப்பா.

—அதை எடுத்துக்கிட்டுத்தான் என் மகனும் மருமகளும் வெளியூர் போயிருக்காங்க. உன்னுது?

—என்னுது ஆபீஸ் லேப்டாப். பென் டிரைவைச் சொருகினாலே பூட்டிக்கும். கடைக்குப் போகலாம்னா ஞாயித்துக்கிழமை, எவனும் திறக்க மாட்டான். பக்கத்து வீட்டுல கேக்கலாமா?

—பக்கத்து வீட்டுக்காரர் தினமும் சம்பந்தியோட வாக்கிங் போறவர். அவர்கிட்ட ஒண்ணைச் சொல்றதும் மைக் வெச்சுச் சொல்றதும் ஒண்ணு.

—அப்ப ஒரே வழிதான். நான் பெட்டியைக் கட்டிடறேன். ஆன் பண்ணினா ஃபேன் சுத்தும், லைட் எரியும். திரையில மட்டும் உள்ள ஒண்ணும் இல்லன்னு வரும்.

—லைட் எரியுமா?

—கலர் கலரா எரியும்.

—அது போதும். சம்பந்தியைத் தள்ளி உக்கார வெச்சிடுவோம்.

—அவர் கண்ணாடி போட்டுக்கிட்டு வருவார்ங்க.

—கழட்டி வெக்கச் சொல்லு. வீட்டுக்கு வந்தவர் சௌகரியமா இருக்க வேண்டாமா?

—பெரியம்மா, நான் ஒண்ணு சொல்றேன். சம்பந்தி வீடு அடுத்த தெருதானே? பழைய கம்ப்யூட்டரை ஒரு எட்டு பாத்துட்டுப் போறோம்னு நாம ரெண்டு பேரும் போவோம். நீங்க அந்த அம்மாவோட பேச்சுக் கொடுங்க. நான் பென் டிரைவைச் சொருகி வேலையை முடிச்சிடறேன். பென் டிரைவ் இருக்குல்ல?

—ஒண்ணு இருக்கு. ஆனா அதுல உன் அண்ணன் கல்யாண மேடையில நான் பேசின பேச்சு இருக்கு.

—அது அழிஞ்சிடும் பெரியப்பா. பென் டிரைவை முழுசாத் துடைச்சிட்டுத்தான் இது ஏறும்.

—எனக்குச் சம்மதம் பாப்பா.

—உன்னை யார் கேட்டா? ஒன்றரை மணி நேரப் பேச்சு அது. வேற எங்கயும் கிடையாது.

—அதனாலதான் சொல்றேன். அன்னிக்குப் பந்தியில எல்லாம் ஆறிப்போச்சு.

—சரி, துடை. குடும்பத்துக்காக நான் எவ்வளவோ விட்டுக் கொடுத்திருக்கேன், இதுவும் போகட்டும்.

—அப்ப கிளம்பறோம். பழைய கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டைச் சொல்லுங்க.

—அது எதுக்கு?

—உள்ள போக வேண்டாமா?

—அதெல்லாம் வேண்டாம். நாசூக்கா வேற ஏதாவது வழி பாரு.

—நாசூக்கா எப்படி பெரியப்பா உள்ள போறது? சரி, அவங்களையே கேட்டுக்கறேன். கொடுக்கும்போது அவங்ககிட்ட பாஸ்வேர்டைச் சொல்லித்தானே கொடுத்தீங்க?

—நான் எதுக்குச் சொல்றேன். பெட்டியைக் கொடுத்தேன், பூட்டைப் பத்திப் பேச்சே வரல.

—அப்ப அதை எப்படித் திறந்தாங்க?

—திறந்துட்டாங்களே. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே. சம்பந்தி ராத்திரி பகலா அது முன்னாடி உக்காந்து தட்டிக்கிட்டே இருக்காராம். அவங்க குடும்பப் பெருமையை எழுதறாராம். எழுதட்டும், அரைப் பக்கத்துல முடிஞ்சிடும்.

—அப்படின்னா பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சிட்டாங்க. அவ்வளவு சுலபமான வார்த்தையா?

—என்னங்க, முகம் ஏன் இப்படிப் போகுது?

—கல்யாணத்துக்கு மறுநாள் வெச்ச பாஸ்வேர்ட் அது. முந்தின நாள் என் பேச்சுக்கு நடுவுல சம்பந்தி கொட்டாவி விட்டார்.

—சரி. என்ன வார்த்தை?

—வெத்துவேட்டு.

—கொட்டாவி நானும்தான் விட்டேன்.

—உன்னை எனக்கு முன்னாடியே தெரியும்.

—பதறாதீங்க பெரியப்பா. வெத்துவேட்டுன்னா யாரை வேணா சொல்லலாம். தன்னைத்தான்னு அவருக்கு எப்படித் தெரியும்?

—பாஸ்வேர்ட் வெக்கும்போது, மறந்து போனா ஞாபகப்படுத்த ஒரு குறிப்பு எழுதச் சொல்லிக் கேட்டுது.

—என்ன எழுதினீங்க?

—‘சம்பந்தி எப்படிப்பட்டவர்?’

—பெரியப்பா.

—சொல்லு.

—தப்பாத் தட்டினா அந்தக் குறிப்பு திரையிலயே வரும். அதைப் படிச்சுப் பாத்துட்டு, யோசிச்சு, வெத்துவேட்டுன்னு தன் கையாலேயே தட்டி உள்ள போயிருக்கார் மனுஷன்.

—தினமும்.

—தினமும் பத்துத் தடவை பெரியம்மா. எந்திரிச்சு தண்ணி குடிச்சிட்டு வந்தாக்கூட மறுபடி கேக்கும்.

—போன வாரம் தெருமுனையில என்னைப் பாத்துக் கும்பிட்டார். வழக்கத்தை விடக் கொஞ்சம் கீழ குனிஞ்சார். என்னடா இதுன்னு அப்பவே எனக்கு உறுத்திச்சு. மருமக காதுக்கு இந்நேரம் போயிருக்கும். பெத்த அப்பனை இப்படிச் சொன்னவனை அவ இனிமே எந்த வாயால மாமான்னு கூப்பிடுவா?

—எங்க கிளம்பறீங்க?

—செருப்பை எடுத்துக் கொடு. சம்பந்தி இங்க வர்றதுக்கு முன்னாடி நானே அங்க போறேன். அவர் கதவைத் திறந்ததும் வாசல்லயே மன்னிப்புக் கேட்டுடறேன்.

—நீங்களா?

—கௌரவம்னு ஒண்ணு இருக்கு. தப்பு நம்ம பக்கம்னா, அதையும் நாமதான் முதல்ல செய்யணும்.

—இருங்க, அவசரப்படாதீங்க. சம்பந்தியம்மாவுக்கு ஒரு போன் போட்டு நிலவரம் பாக்கறேன். அடுப்படியில நின்னு பேசறேன். நடுவுல வந்து கனைக்காதீங்க.

—பாப்பா.

—சொல்லுங்க பெரியப்பா.

—வேடிக்கைக்கு எழுதினேன்னு சொல்லிப் பாக்கட்டுமா?

—நீங்க வேடிக்கை பண்ணி இதுவரைக்கும் யாரும் பாத்ததில்லையே.

—அதுவும் சரிதான். அந்தப் பெட்டியில ஃபேனையாவது சுத்த விடேன். வேர்க்குது.

—இன்னும் ஒரு திருகாணிகூட முடுக்கல பெரியப்பா. பெரியம்மா குரல் கேக்குதா?

—கேக்குது. அழறாளா?

—சிரிக்கிற மாதிரி இருக்கு.

—குடும்பமே கவுந்து கிடக்கு, சிரிக்கிறாளா?

—வந்துட்டேன். செருப்பைக் கழட்டுங்க.

—என்ன சொன்னாங்க? என்னை வீட்டுக்குள்ள விடுவாங்களா, மாட்டாங்களா?

—அவர் குடும்பப் பெருமை எழுதறார்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சுத்தப் பொய். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஒரு தடவைகூடத் திறக்கல. குறிப்பைப் படிச்சிட்டு ராத்திரி பகலா ‘தங்கமானவர்’, ‘பெரிய மனுஷர்’, ‘வள்ளல்’னு ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்துக்கிட்டிருக்கார், தன்னை நீங்க எந்த வார்த்தையில புகழ்ந்திருக்கீங்கன்னு உங்க வாயாலேயே கேக்கணுமாம், அதுக்குத்தான் சாயங்காலம் அந்தப் பெட்டியையும் தூக்கிக்கிட்டு வர்றார்.