பிராக்கன் அணியின் ஆறாவது ஆள்

அந்த விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும்.

இது என் அறையில் தங்கியிருந்த ஓவனின் அக்கா டெல்லாவுக்கு நடந்தது. செல்போன் எல்லாம் வராத காலம். மிச்சிகனின் வடகோடியில், ஏரிக்கரையில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி மாதம். இரவு பத்தே முக்கால்... டெல்லா விடுதியிலிருந்து ஐஸ் மைதானத்துக்குத் தனியாக நடந்துகொண்டிருந்தாள். ஒரே சாலைதான். ஒரு பக்கம் பைன் மரங்கள், மறுபக்கம் உறைந்துபோன ஏரி. நடுநடுவே ஏரி அடிவயிற்றிலிருந்து உறுமும். ஐஸ் விரிசல் விடுகிற சத்தம். அங்கே இருப்பவர்களுக்குப் பழகிய சத்தம்.

அந்த ஊர் மாணவர்களுக்குக் குளிர்காலம் என்றால் துடைப்பப் பந்துதான். சறுக்குக் காலணி கிடையாது. சாதாரண ஷூவோடு ஐஸ்மேல் ஓடி, துடைப்பம் மாதிரி ஒரு மட்டையால் பந்தைத் தள்ளி கோல் போட வேண்டும். விழாதவனே கிடையாது, அதனால் ஆளுக்கொரு ஹெல்மெட், முகத்துக்குக் கம்பி வலை. விடுதியில் இருப்பவர்களும் ஊருக்குள் தங்கியிருப்பவர்களும் கலந்து அணி சேர்வார்கள். அணிகள் நாற்பது, மைதானம் ஒன்று. நள்ளிரவு தாண்டியும் ஆட்டம் நடக்கும்.

டெல்லா தன் அணிக்குத் தலைவி, கோல் காப்பவளும் அவளே. அன்றைக்கு அரையிறுதி. எதிரணித் தலைவன் ரஸ் பிராக்கன்.

இருவருக்கும் ஆகாது. முந்தின வருடம் பிராக்கன், பல்கலைக்கழக ஹாக்கி அணிக்காரன் ஒருவனை வேறொரு மாணவனின் அடையாள அட்டையில் இறக்கி ஆடினான். டெல்லா கண்டுபிடித்துப் புகார் செய்தாள். அவன் அணியைப் போட்டியிலிருந்து விலக்கினார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அன்று பிராக்கன் தரப்பில் ஒருவனுக்குக் காய்ச்சல். ஆடுகிறவர்கள் அட்டையைக் கொடுத்து வைக்கும் மேஜையில் அவர்களுடையது ஐந்துதான் இருந்தது. ஆறு பேருக்கு எதிராக ஐந்து பேர் ஆடலாம், விதி அனுமதிக்கிறது. அவ்வளவு சுலபமாக அதற்கு ஒப்புக்கொண்டானே என்று அப்போதே டெல்லாவுக்கு உறுத்தியது.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். பந்து மறுகோடியில் இருந்தது. கோலில் நிற்பவளுக்கு மைதானம் முழுக்கத் தெரியும். சும்மா எண்ணிப் பார்த்தாள்.

ஆறு.

மறுபடி எண்ணினாள். ஆறுதான்... அந்த ஆறாவது ஆள் மற்றவர்களோடு ஓடவில்லை. அவளுடைய கோலுக்கு இடப்பக்கம், பத்தடி தள்ளி நின்றான். உயரம். கறுப்புக் கோட்டு. மட்டையைத் தரையில் ஊன்றியிருந்தான். பந்து அந்தப் பக்கம் போனாலும் தலை திரும்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

என் கண்ணை மறைக்கப் பிராக்கன் ஒருத்தனை நிறுத்தியிருக்கிறான், திருட்டுப் பயல் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அந்தப் பக்கமிருந்தே பந்து வந்து கோலுக்குள் விழுந்தது.

டெல்லா கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினாள். நடுவராக இருந்த மோரிஸ் மேல்படிப்பு மாணவன், பொறுமைசாலி. பிராக்கன் அணியை வரிசையாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து முகம், ஐந்து அட்டை.

“இந்த வருஷமும் அழுதே ஜெயிச்சுடலாம்னு பாக்குறியா?” என்றான் பிராக்கன்.

அந்த ஆள் வேலி தாண்டிக் குதித்திருப்பான் என்று டெல்லா போய் எட்டிப் பார்த்தாள். வெளியே முழங்கால் அளவு பனி, மாலையில் பெய்த புதுப் பனி. அதில் ஒரு கால்தடம்கூட இல்லை. அப்படியும் அவளுக்குச் சந்தேகம் போகவில்லை. பிராக்கன் இருக்கிறானே, அவன் எதையும் செய்வான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. விளக்கடியில் எல்லாருடைய வாயிலிருந்தும் ஆவி புகைந்தது. ஓடுகிற ஒவ்வொரு ஹெல்மெட்டின் முன்னாலும் ஒரு வெள்ளைப் புகை. அந்த ஆவி உறைந்து கம்பி வலைகள் வெளுத்துப் போயிருந்தன. டெல்லா மெதுவாக இடப்பக்கம் பார்த்தாள்.

நின்றுகொண்டிருந்தான். இப்போது ஐந்தடி தூரத்தில்...

அவன் ஹெல்மெட்டின் முன்னால் புகை இல்லை. கம்பிகள் கறுப்பாகவே இருந்தன.

மறுபடியும் கையைத் தூக்கினாள். பொய்ப் புகார் இரண்டாவது முறையானால் ஒரு கோல் அபராதம். தெரிந்தேதான் தூக்கினாள். மோரிஸ் மறுபடி வரிசையில் நிறுத்தினான். ஐந்து பேர்தான். அபராதம் எழுதப்பட்டது. அவள் அணிக்காரர்களே முகம் சுளித்தார்கள். உனக்கு அவன்மேல் இருக்கிற கடுப்பில் எங்கள் ஆட்டத்தைக் கெடுக்காதே என்று ஒருத்தி நேராகவே சொல்லிவிட்டாள்.

அப்போது பிராக்கன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவளை நோக்கி வந்தான். சிரிப்பு இல்லை. குரல் தாழ்ந்திருந்தது.

“டெல்லா, நான் சண்டைக்கு வரல. உன் கோலுக்குப் பக்கத்துலயே ஒருத்தன் நிக்கிறான்ல, கறுப்புக் கோட்டு...”

“அவனைத்தான சொல்றேன்.”

“அவன் உங்க ஆளுன்னுல்ல நாங்க நெனச்சோம். ஏழு பேரை எறக்கிட்டு, எங்க மேல பழி போடுறேன்னு நெனச்சேன்.”

பொய் சொல்கிறானா என்று அவள் அவன் கண்ணில் தேடினாள். அவனும் அதையேதான் தேடினான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கோல் பக்கம் திரும்பினார்கள். யாரும் இல்லை. ஏரி ஒரு முறை உறுமியது.

பிராக்கன் மோரிஸிடம் போய் ஏதோ சொன்னான். மோரிஸ் தானும் எண்ணிப் பார்த்திருப்பான் போலிருக்கிறது, ஒரு கேள்விகூடக் கேட்காமல் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டான். அப்போது மணி பன்னிரண்டு.

டெல்லாவின் அணிக்காரர்கள் ஊருக்குள் இருப்பவர்கள். கோபத்தில் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏரிக்கரை விடுதிக்கு அவள் மட்டும் நடக்க வேண்டும். மைதானத்தை ஒட்டிய சாமான் கொட்டகையில் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பிராக்கன், “தனியாப் போகாத. மட்டையெல்லாம் உள்ள வச்சுட்டு வந்துடுறேன், இரு” என்றான்.

அவள் ஷூ மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, அவன் ஏற்கனவே சாலையோரம் நின்றுகொண்டிருந்தான். தலையை மூடிய கோட்டு, மூக்குவரை சுற்றிய துண்டு. மைதான விளக்குகள் அணைந்துவிட்டிருந்தன.

நடந்தார்கள். அவன் ஓரடி பின்னால் வந்தான். போன வருடத்துப் புகாரைப் பற்றி டெல்லாவே பேச்செடுத்தாள். உன்னிடம் நேரில் கேட்டிருக்கலாம், நேரே மேலிடத்துக்குப் போனது என் தப்பு என்றாள். அவன் ‘ம்’ என்றான். இன்றைக்கும் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாள். அதற்கும் ‘ம்’தான். பிராக்கன் வாயடங்கி அவள் பார்த்ததே இல்லை. பாவம், பயந்துவிட்டான் என்று நினைத்தாள்.

விடுதி வாசல். அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். திறந்தாள். அந்தக் குளிரில் அவனை அப்படியே திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

“உள்ள வா. கொஞ்சம் சூடேத்திட்டுப் போ” என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் தயங்கி நின்றான்... பிறகு அவளைக் கடந்து உள்ளே போனான். ஏரிச் சேற்று வாடை அடித்தது. நனைந்த கையுறையாக இருக்கும். முன்னறையில் ஹீட்டர் இருக்கிறது என்று காட்டிவிட்டு, தூக்கம் தாங்காமல் அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

காலை எட்டு மணிக்கு நடைபாதையில் இருந்த போன் அடித்தது. பிராக்கன்.

“இருன்னு சொன்னேன்ல, ஏன் போய்ட்ட? அரை மணி நேரம் கொட்டகையச் சுத்தித் தேடினோம். பத்திரமா வந்து சேந்தியா?”

டெல்லா போனை அப்படியே தொங்கவிட்டாள். கீழே ஓடினாள். முன்னறையில் யாரும் இல்லை. வாசலில் காவலுக்கு இருந்த பெண்ணிடம், இரவு இங்கிருந்து ஒருவன் வெளியே போனானா என்று கேட்டாள்.

அந்தப் பெண் இல்லையென்று தலையசைத்தாள். பன்னிரண்டு மணிக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் எந்தக் கதவை உள்ளிருந்து திறந்தாலும் மணி அடிக்கும். விடிய விடிய அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

மணி அடிக்கவே இல்லை.