மூன்றே முக்கால் மணி நேரம்

டிக்கெட் விற்கிறவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. யாராவது "இதோ, மூணு மணி நேரத்துல வந்துடலாம்" என்றால் சிரிப்பு வரும். டிராவல் ஏஜென்சியில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவள் நான். எங்கள் சுவரில் ஆசிய வரைபடம் தொங்குகிறது. தம்பி இருக்கும் ஊரின் விமான நிலையத்துக்கும் எங்கள் ஊர் விமான நிலையத்துக்கும் இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் மூன்றே முக்கால் மணி.

பறக்கிற நேரம் வேறு, வந்து சேர்கிற நேரம் வேறு. வீட்டிலிருந்து விமான நிலையம் ஒன்றரை மணி. அங்கே இரண்டு மணி காத்திருக்க வேண்டும். இறங்கினால் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, டாக்ஸி என்று இன்னும் இரண்டே கால். கூட்டினால் ஒன்பதரை. இதைச் சொன்னால் எந்த வாடிக்கையாளரும் மறுத்ததில்லை.

அம்மாதான் நம்பவில்லை. "ஒரு குரல் குடும்மா, மூணே முக்கால் மணி நேரத்துல உன் பக்கத்துல இருப்பேன்" என்று தம்பி போனில் சொல்வான். நாலு வருஷமாக அம்மாவைக் குளிப்பாட்டியது நான். விரிப்பு மாற்றியது நான். ஆக்சிஜன் மெஷினின் இரைச்சலில் தூங்கப் பழகியதும் நான். பார்க்க வருகிறவர்களிடம் அம்மா, "என் பிள்ளை கூப்பிடு தூரத்துலதான் இருக்கான்" என்பாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மெஷினை நிறுத்தினேன். அரை மணிக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அம்மாவின் கண்ணுக்கு நேராக வைத்தேன். தம்பிக்கு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். அவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

"தம்பியக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டாச்சும்மா. எப்ப வர்றான்னு பாத்துடலாம்."

"ரெண்டு மணிக்குள்ள வந்துடுவான். நீ சாப்பிட்டியாடி?"

சாப்பிட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்து. மெஷினைப் போடச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். "உன் பிள்ளை வந்து போடட்டும்" என்றேன். பன்னிரண்டே முக்காலுக்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றரைக்கு வாசல் மணி அடித்தது. தம்பி, இரண்டு பெரிய பெட்டிகளோடு நின்றான்.

"சொல்லாம வரணும்னுதான்க்கா இறங்கினதும் உன் மிஸ்டு காலப் பாத்தும் திருப்பிக் கூப்பிடல. ஆறு மாசம் லீவு போட்டுட்டேன். இனிமே அம்மாவ நான் பாத்துக்கறேன். நீ கொஞ்சம் படுத்துத் தூங்கு."

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் எல்லோரும் மெஷினை யார் நிறுத்தியது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சரி, நான்தான் நிறுத்தினேன், அதனால்தான் அம்மா செத்துப்போனாள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன். நம் நேரப்படி விடியற்காலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறான். அப்படியானால் ஒன்பதரை மணி நேரம். நிமிஷம் பிசகவில்லை. அம்மா இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள்.