பின்னட்டைக்கு ஒரு வரி

கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களா. ஒரு புத்தகம் ஓர் ஆற்றையே விழுங்கப் பார்த்த கதை சொல்கிறேன். ஒரு பக்கத்துக் குரல்தான் கேட்கும். மறுபக்கத்தை நீங்களே பிடித்துக்கொள்வீர்கள், உங்கள் காது அப்படி.

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஒருத்தி. வாயைத் திறந்தால் ஆறுதான் என்பதால் ஆற்றுக்காரி என்றே பெயர். அந்த ஆறு தானாகத் தடம் மாறியது என்று பெரிய பேராசிரியர் ஒருவர் புத்தகம் எழுத, பல்கலைக்கழகப் பதிப்பகம் முத்திரை குத்த, பள்ளிப் பாடமும் கோர்ட்டுத் தீர்ப்பும் அதையே ஓதின. இல்லை, மேல்கரை ஆலைக்காரர்கள்தான் திருப்பினார்கள் என்று இவள் ஆதாரத்தோடு எழுதி, அதே பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தாள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கையில் போன் அடித்தது.

“ஹலோ... ஆமா, நான்தான். யாரு, பதிப்பாசிரியர் தம்பியா? ... ஏத்துக்கிட்டீங்களா! அடேயப்பா... ம்ம்... ம்ம்... ‘ஆனா’வா? அதானே, இன்னும் வரலையேன்னு பார்த்தேன்.

... நாலாவது அத்தியாயம் வேண்டாமா? ஆத்தைத் திருப்பினது யாருன்னு அதுலதானே இருக்கு! அதை எடுத்துட்டா மிச்சம் வெறும் தண்ணி.

... ஆமா, ஆமா, மதிப்பீட்டாளர் குறிப்பைப் படிச்சேன். பேரை மறைச்சிட்டீங்க, ரொம்ப ஜாக்கிரதை! ‘என் நூலின் மூன்றாம் பதிப்பில் நான் தெளிவாக்கியபடி’ன்னு பெரிய பேராசிரியரே எழுதியிருக்காரே, அதையும் கொஞ்சம் மறைச்சிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவும் ஒரு கைப்பக்குவம் வேணும்.

... என்னது? யார் பேரை அதிகமா மேற்கோள் காட்டியிருக்கோமோ அவர்கிட்டதான் அனுப்புவீங்களா? அதான் வழக்கமா? ஏன் தம்பி, அவர் சொன்னது தப்புன்னு காட்டத்தானே பக்கத்துக்குப் பக்கம் அவர் பேரை எழுதினேன்! கோழிக்கூண்டுப் பூட்டு சரியா இருக்கான்னு நரியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கீங்க.

... சேச்சே, கோபமே இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் பேசுறேன்.

... தெரியும், தம்பி. உங்க முத்திரை இல்லாட்டி எவனும் தொட மாட்டான். தண்ணி இல்லாமப் போன கீழ்க்கரைக்காரங்க வழக்குல தோத்ததே அந்த முத்திரையாலதானே? இயற்கை செஞ்சதுக்கு யார் நஷ்டஈடு தர்றதுன்னு கோர்ட்டுல கேட்டுட்டாங்க. அப்பீல் வரப்போகுது. அதுக்குள்ள புத்தகம் வரணும். இல்லேன்னா உங்க வாசல்ல வந்து ஏன் நிக்கிறேன்?

... அவர் கருத்தை மதிக்கணுமா? மதிச்சிட்டாப் போச்சு! கடைசில என்ன எழுதியிருக்கார்? படிங்க, வாய்விட்டுப் படிங்க. ... ஆங், அதேதான். ‘நான்காம் அத்தியாயத்தில் புதிதாக எதுவுமில்லை, யாவும் எனக்கு முன்பே தெரிந்தவை.’ அதை அப்படியே பின்னட்டைல போடுங்க. கீழே அவர் பேரு.

... ஏன் திணறுறீங்க? தண்ணி குடிங்க. ... முடியாதா? அப்போ அவரையே கேளுங்க. முன்னமே தெரியும்னா, இத்தனை வருஷம் ஏன் சொல்லலைன்னு ஊர் கேட்கும். தெரியாதுன்னா, அத்தியாயம் புதுசு, அச்சடிங்க. ... ம்... இருக்கேன், இருக்கேன். கேட்டுட்டே வாங்க.”

போனில் ஏதோ பாட்டு ஓடியது. திருத்தி முடித்த விடைத்தாளையே அவள் சிவப்புப் பேனாவால் மறுபடி திருத்துவதை எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த கணவர் பார்த்துவிட்டார்.

“அப்படிப் பார்க்காதீங்க. பயமாத்தான் இருக்கு. வாய்தானே எனக்குப் பெருசு... இருங்க, இருங்க, வந்துட்டார்.

ஹலோ... ஓஹோ, அவசரத்துல எழுதிட்டேன்னாரா? பாவம்! ... அந்தக் குறிப்பையே திரும்ப வாங்கிக்கிறாராமா? ... நாலாவது அத்தியாயம் முழுசாவா? ஒரு வரிகூட வெட்டாமயா? ... ஆமா... ஆமா... இன்னொரு தரம் சொல்லுங்க, தம்பி, என் வீட்டுக்காரருக்கும் கேக்கட்டும்.

... பின்னட்டையா? அதுல விலையை மட்டும் போடுங்க. கம்மியா போடுங்க. உங்க வழக்கமான விலை போட்டா கரையான்தான் படிக்கும்; எனக்குக் கீழ்க்கரைக்காரங்க படிக்கணும். வைக்கிறேன்.”

வைத்துவிட்டாள். உங்கள் வீட்டில் தண்ணீரும் வற்றாமல், உள்ளதைச் சொல்லும் வாயும் அடங்காமல், எல்லாரும் நன்றாயிருங்கள், என் கண்களே.